குறிப்பேடு முதலில், பேரேடு பிறகு: சர்வர் பார்ப்பவர்களுக்கு டேட்டாபேஸ்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை. பில்லிங், ஸ்டாக், கடன் கணக்கு எல்லாம் ஒரே சர்வரில். தினமும் இரவு 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்குக்கு நகல் எடுக்கும். அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான். மூன்று வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடியது. காலையில் போனை எடுத்தால் 'பேக்கப் முடிந்தது' என்று மெயில் வந்திருக்கும்.

நான்காவது வருடம், ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த வாரத்தில், டிஸ்க் போய்விட்டது. நான் பதறவில்லை. நகல்தான் இருக்கிறதே. புது டிஸ்க் மாட்டி, லினக்ஸ் ஏற்றி, நேற்றைய நகலை அதன் இடத்தில் வைத்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருளைத் தொடங்கினேன். எழும்பவில்லை. முந்தாநாள் நகலை வைத்துப் பார்த்தேன். அதுவும் எழும்பவில்லை. ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய், எட்டாவது நாள் நகல்தான் திறந்தது. நடுவில் விட்டுப்போன பில்களை, கடைப் பையன்கள் கார்பன் நகலைப் பார்த்து நான்கு நாள் உட்கார்ந்து தட்டினார்கள். கடைக்கார அண்ணன் என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த எட்டாவது நகல் மட்டும் ஏன் திறந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அப்போது எனக்கு லினக்ஸ் தெரியும், பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு தெரியும், ஃபயர்வால் தெரியும். டேட்டாபேஸ் என்றால் மட்டும், பெரிய பெரிய ஃபைல்கள் கிடக்கும் ஒரு ஃபோல்டர் என்றே நினைத்திருந்தேன். சர்வர், நெட்வொர்க், ஸ்டோரேஜ் பார்க்கிற பலரும் இப்படித்தான். 'அது டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலை' என்று ஒதுங்கிக்கொள்வோம். சரி, காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்தில் எத்தனை அலுவலகத்தில் டிபிஏ என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்? டிஸ்க் நிரம்பினால் கூப்பிடுவது நம்மைத்தான்.

ஆச்சி வீட்டு இரண்டு புத்தகங்கள்

எனக்கு டேட்டாபேஸ் உண்மையில் புரிந்தது எந்த வகுப்பிலும் இல்லை. கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அலுவலகம் போட்டிருந்தேன். வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய மாமனார் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர். வட்டிக்கடைக் கணக்குப் புத்தகங்கள் இரண்டாங்கட்டில் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. பெட்டியைத் துடைக்க ஒருநாள் கை கொடுத்தபோதுதான் அவற்றைப் பார்த்தேன்.

இரண்டு வகைப் புத்தகம். ஒன்று குறிப்பேடு: ஒல்லியானது, நடந்தது நடந்தபடி, வரிக்குக் கீழே வரியாக எழுதியது. இன்னொன்று பேரேடு: தடியானது, ஒவ்வொரு பேருக்கும் தனிப் பக்கம், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.

"ஒரே கணக்க எதுக்கு ஆச்சி ரெண்டு தடவ எழுதணும்?" என்று கேட்டேன்.

"பணம் கை மாறுன ஒடனே குறிப்புல ஏறிடணும் தம்பி. பேரேட்டுல பெறகு நிதானமா ஏத்திக்கலாம். ஆளு நிக்கிறப்ப அவரு பக்கத்தத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"ஏத்துறதுக்குள்ள கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துட்டா?"

"குறிப்பு இருக்குல்ல. எதுவரைக்கும் ஏத்தியிருக்காருன்னு பாத்து, அங்கேருந்து இன்னொருத்தர் ஏத்துவாரு."

முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஆச்சி சொன்ன இதுதான் டேட்டாபேஸின் உயிர்நாடி. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இதை ரைட் அஹெட் லாக் என்கிறது, சுருக்கமாக வால் (WAL). மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, ஆரக்கிள் இரண்டும் ரீடூ லாக் என்கின்றன. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் டிரான்சாக்ஷன் லாக். பெயர் மூன்று வகை, வேலை ஒன்று: எந்த மாற்றமும் முதலில் குறிப்பேட்டில் ஏறும், பேரேட்டில் பிறகு ஏறும்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டேட்டா ஃபைல் என்பது பக்கம் பக்கமாக வெட்டிய பேரேடு. போஸ்ட்கிரஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் ஒரு பக்கம் 8 கேபி. இன்னோடிபியில் நாமாக மாற்றாவிட்டால் 16 கேபி. ஒரு பில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஸ்டாக் குறைய வேண்டும், பில் வரி ஒன்று ஏற வேண்டும், கடன் கணக்கில் தொகை கூட வேண்டும். மூன்றும் மூன்று வேறு பக்கங்கள், டிஸ்கில் மூன்று வேறு இடங்கள். டேட்டாபேஸ் அந்தப் பக்கங்களை மெமரிக்கு எடுத்துவந்து, அங்கேயே திருத்திவிடும். டிஸ்கில் இருக்கும் பக்கம் இன்னும் பழையதுதான். ஆனால் 'இன்ன பக்கத்தில் இன்ன மாற்றம்' என்பதைக் குறிப்பேட்டின் கடைசியில் எழுதி, அது டிஸ்கில் பதிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே 'கமிட் ஆகிவிட்டது' என்று பதில் சொல்லும். குறிப்பேட்டில் எப்போதும் கடைசி வரிக்கு அடுத்து எழுதுவதுதான் வேலை, அது சீக்கிரம் முடியும். பேரேட்டுப் பக்கங்களைத் தேடிப் போய் எழுதுவது மெதுவான வேலை, அது சாவகாசமாகப் பின்னால் நடக்கும். அவ்வப்போது நின்று, திருத்திய பக்கங்களையெல்லாம் டிஸ்கில் எழுதி, 'இதுவரை ஏற்றியாயிற்று' என்று குறிப்பேட்டில் ஒரு கோடு போடும். அதற்குப் பெயர் செக்பாயிண்ட்.

கரண்ட் போனால்? மெமரியில் இருந்த பக்கங்கள் போச்சு. குறிப்பேடு இருக்கிறது. மறுபடி தொடங்கும்போது கடைசிக் கோட்டிலிருந்து வாசித்து, பேரேட்டில் விட்டதை ஏற்றும். கமிட் ஆகாமல் பாதியில் நின்றதைத் தள்ளிவிடும். கரண்ட் வந்ததும் டேட்டாபேஸ் சட்டென்று எழும்பாமல் ஐந்து பத்து நிமிடம் முக்கிக்கொண்டிருக்கிறதே, இந்த வேலைதான் நடக்கிறது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து கில் அடிப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மறுபடி தொடங்கினால் அதே வேலையை முதலிலிருந்து செய்யும், அவ்வளவுதான் லாபம்.

இப்போது என் ஸ்கிரிப்டுக்கு வருவோம். கடை மூடியபின் நாள் முடிவுக் கணக்கு ஓடுவதும் 11 மணிக்குத்தான். கணக்கப்பிள்ளை ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்கும்போது, நான் பக்கத்தில் நின்று பேரேட்டின் முதல் பக்கத்தை 11.00க்கும், நடுப்பக்கத்தை 11.10க்கும், குறிப்பேட்டை 11.20க்கும் படம் எடுத்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத நேரங்கள். அதை வைத்துக் கணக்கை எப்படிக் கட்டுவது? திறந்த அந்த ஒரு நகல் எடுத்த அன்று, மென்பொருள்காரர் அப்டேட் போடுவதற்காக டேட்டாபேஸ் சேவையை மாலையிலேயே முறையாக நிறுத்தி, மறுநாள் காலைதான் தொடங்கியிருந்தார். புத்தகம் மூடியிருந்த இரவு அது ஒன்றுதான்.

பேரேட்டுக்குள் என்ன இருக்கிறது

டேபிள், வரி, பத்தி (நெடுவரிசை) பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், வேகமாகத் தாண்டிவிடலாம். எக்செல் ஷீட்டைப் போன்றதுதான், ஆனால் ஒழுக்கம் உண்டு. தேதிப் பத்தியில் 'நாளைக்கு' என்று எழுத விடாது.

கீ என்பதை மட்டும் நம்மூர் வழியில் சொல்கிறேன். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். அதனால் ஒரே ஊரில் பத்து ராமநாதன், பன்னிரண்டு சிதம்பரம். ஆளைப் பிரித்துச் சொல்ல உதவுவது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோர்களின் முதலெழுத்துக் கோவை. வீட்டு அண்டா குண்டாவில்கூட வெட்டியிருப்பார்கள். ஒரு வரியை மற்ற எல்லா வரிகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் அப்படிப்பட்ட அடையாளம்தான் பிரைமரி கீ. ஆனால் விலாசமும் இரண்டு அண்ணன் தம்பிக்கு ஒன்றாக வரக்கூடும். அதனால்தான் டேட்டாபேஸ்காரர்கள் பெயர், போன் நம்பர் எதையும் நம்பாமல், தானாக ஏறும் ஓர் எண்ணை கீயாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஃபாரின் கீக்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. நகரத்தார் கோவில்கள் 9: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு கோவிலைச் சேர்ந்தது. கோவில் டேபிளில் 9 வரி. புள்ளி டேபிளில் எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும், ஒவ்வொன்றிலும் அந்த ஒன்பதில் ஒன்றின் எண் இருந்தே ஆக வேண்டும். பத்தாவதாக ஒரு கோவில் எண்ணைப் போட்டால் டேட்டாபேஸ் ஏற்காது. புள்ளிகள் இருக்கும்போது ஒரு கோவில் வரியை அழிக்கப் போனாலும் விடாது. 'அழிக்க முடியவில்லை, எர்ரர் வருகிறது' என்று யாராவது டிக்கெட் போட்டால், பெரும்பாலும் எர்ரர் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படித் தகவலை டேபிள்களாகப் பிரித்து உறவு வைத்துக் கட்டும் முறைக்கு அடிப்படை, ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. டேட்டாவைப் பயன்படுத்துகிறவர், அது மெஷினுக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் அவர் சொன்ன அந்தப் பயனர் நாமல்ல. மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால், நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் மொழியில் நமக்கு முதலில், வரிகளை எடுத்துக் காட்டும் செலக்ட் ஒன்று போதும். அப்டேட்டும் டெலிட்டும் அடிக்கும் நாள் வந்தால், வேர் (WHERE) என்ற நிபந்தனையை முதலில் செலக்டில் போட்டு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். நிபந்தனை இல்லாத அப்டேட், டேபிளில் இருக்கும் எல்லா வரியையும் மாற்றும். கேட்டுக்கொண்டெல்லாம் செய்யாது.

பாதியில் நிற்காத வேலை

ரங்கூனில் பணம் கட்டி உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) வாங்கி, அதைக் காட்டிக் காரைக்குடியில் பணமாக்குவார்கள். அங்கே வரவு எழுதி இங்கே பற்று எழுதாமல் விட்டாலும் தப்பு, இங்கே கொடுத்துவிட்டு அங்கே எழுதாமல் விட்டாலும் தப்பு. இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்கக் கூடாது. இப்படிச் சேர்த்துக் கட்டிய வேலைதான் டிரான்சாக்ஷன். முடித்தால் கமிட், வேண்டாமென்று திருப்பினால் ரோல்பேக்.

ஒருவர் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே வரியில் கை வைக்காமல் இருக்க, டேட்டாபேஸ் பூட்டுப் போடும். (தமிழில் குறிப்பேடும் லாக், பூட்டும் லாக் என்றே எழுத வேண்டியிருக்கிறது. போனில் 'லாக் ஃபுல் ஆயிடுச்சு', 'லாக் ஆயிடுச்சு' என்று இரண்டும் வரும். எது என்று கேட்டுக்கொண்ட பிறகு கம்ப்யூட்டரைத் தொடுங்கள். நான் இங்கே பூட்டு என்றே எழுதுகிறேன்.) பூட்டு திறப்பது கமிட் அல்லது ரோல்பேக் ஆகும்போதுதான். யாரோ ஒருவர் டிரான்சாக்ஷனைத் தொடங்கி, ஒரு வரியைத் திருத்தி, கமிட் அடிக்காமல் சாப்பிடப் போய்விட்டார் என்றால், பின்னால் அதே வரிக்கு வருபவர்களெல்லாம் வரிசையில் நிற்பார்கள். சிபியு சும்மா இருக்கும், டிஸ்க் சும்மா இருக்கும், ஆனால் அப்ளிகேஷன் உறைந்துவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்பதால் பலர் அதையே வைத்தியமாக வைத்திருக்கிறார்கள். யார் பூட்டுப் போட்டிருக்கிறார் என்று டேட்டாபேஸிடமே கேட்கலாம். அந்த ஒரு கனெக்ஷனை மட்டும் வெட்டினால் போதும், கடை முழுவதையும் மூட வேண்டியதில்லை.

'சர்வர் ஸ்லோ'

இதைக் கேட்டதும் நம் கை ரேமை நோக்கிப் போகும். போவதற்கு முன்னால் இன்டெக்ஸைப் பாருங்கள். ஆச்சி வீட்டுப் பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் வரிசையும் பக்க எண்ணும் இருந்தன. அது இல்லையென்றால், ஒருவர் கணக்கைக் கண்டுபிடிக்க முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். டேட்டாபேஸும் அப்படித்தான். இன்டெக்ஸ் இல்லாத பத்தியில் தேடச் சொன்னால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புரட்டும். ஆயிரம் வரி இருக்கும்போது தெரியாது. வருடம் மூன்று போய், வரி லட்சங்களைத் தாண்டும்போது 'நேற்று வரை நல்லா ஓடுச்சு' என்று போன் வரும். பெரும்பாலான டேட்டாபேஸ்கள் வைத்திருக்கும் பி-ட்ரீ இன்டெக்ஸ், கிளை பிரியும் வழிகாட்டிப் பலகை மாதிரி. லட்சக்கணக்கான வரிகளில் ஒன்றைத் தேடவும் மூன்று நான்கு பலகை பார்த்தால் போதும்.

அப்படியானால் எல்லாப் பத்திக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடலாமே? போடலாம். ஒவ்வொரு புது வரிக்கும் அத்தனை இன்டெக்ஸையும் திருத்த வேண்டும், எழுதும் வேலை மெதுவாகும். எந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது என்று அப்ளிகேஷன்காரரிடம் கேட்டுப் போடுவதுதான் முறை.

டேட்டாபேஸ் ரேம் முழுவதையும் தின்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பக்கங்களை மெமரியில் வைத்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. எஸ்க்யூஎல் சர்வரை உச்ச வரம்பு வைக்காமல் விட்டால், கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். வரம்பு வைப்பது நம் வேலை. கனெக்ஷன் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மாற்றாமல் விட்டால் போஸ்ட்கிரஸில் 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' வந்தவுடன் அதை ஆயிரமாக்கிவிடுபவர்கள் உண்டு. போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி பிராசஸ் திறக்கும், மெமரி தாங்காது. அப்ளிகேஷன் திறந்த கனெக்ஷனை மூடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போர்ட்கள் நினைவில் இருக்கட்டும்: போஸ்ட்கிரஸ் 5432, மைஎஸ்க்யூஎல் 3306, எஸ்க்யூஎல் சர்வர் 1433, ஆரக்கிள் 1521. இவற்றில் எதையும் இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள்.

குறிப்பேட்டை அழித்தவர்கள்

இரவு 2 மணி. டிஸ்க் 100 சதவீதம் என்று அலர்ட். எந்த ஃபோல்டர் பெரியது என்று பார்க்கிறீர்கள். 'லாக்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர், அதில் 16 எம்பி, 16 எம்பியாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். லாக்தானே என்று பழையதை அழித்துவிடுகிறீர்கள். நாமெல்லாம் வெப் சர்வர் லாகை அப்படித்தான் அழித்துப் பழகியவர்கள்.

போஸ்ட்கிரஸில் குறிப்பேடு இருந்த ஃபோல்டருக்கு முன்பு 'பிஜி_எக்ஸ்லாக்' என்று பெயர். தேவையில்லாத லாக் ஃபைல்கள் என்று நினைத்துச் சிலர் அழித்து, மீட்க முடியாதபடி டேட்டாவை இழந்ததால், 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரையே 'பிஜி_வால்' என்று மாற்றினார்கள். காரணத்தை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு மென்பொருள் நம் மாதிரி ஆட்களுக்குப் பயந்து பெயர் மாற்றிக்கொண்டது என்று நான் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை.

குறிப்பேடு ஏன் வீங்குகிறது என்று கேட்பதுதான் சரியான கேள்வி. போஸ்ட்கிரஸில் பெரும்பாலும் இரண்டு காரணம். பழைய குறிப்பை வேறிடத்துக்கு எடுத்துவைக்கும் ஆர்க்கைவ் வேலை தோற்றுக்கொண்டிருக்கும். அல்லது, நின்றுபோன ஒரு ரெப்ளிகாவுக்காக (இதே கணக்கை ஏற்றிவைத்துக்கொள்ளும் இன்னொரு சர்வர்) அது குறிப்புகளைப் பத்திரமாக வைத்துக் காத்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் ஃபுல் ரெகவரி முறையில் இருந்தால், லாக் பேக்கப் எடுக்கும்வரை லாக் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். தினமும் முழு பேக்கப் எடுக்கிறோமே என்பார்கள். முழு பேக்கப் எடுத்தாலும் லாக் காலியாகாது, லாக் பேக்கப் தனியாக எடுக்க வேண்டும். ஆரக்கிளில் ஆர்க்கைவ் போகும் இடம் நிரம்பினால் டேட்டாபேஸ் எழுதுவதையே நிறுத்திவிடும். அது கோளாறல்ல. குறிப்பேட்டில் எழுத இடமில்லாதபோது பணம் வாங்க மாட்டேன் என்கிறது, நல்ல கணக்கப்பிள்ளை.

முடிந்தால் குறிப்பேட்டைத் தனி டிஸ்கில் வையுங்கள். ஆன்டிவைரஸ் டேட்டாபேஸ் ஃபைல்களைத் துழாவாமல் விலக்கு கொடுங்கள். அப்புறம் இன்னொன்று: டிஸ்க் அல்லது ரெய்டு கார்டு தன் கேஷில் மட்டும் வைத்துக்கொண்டு 'பதிந்துவிட்டேன்' என்று பொய் சொன்னால், மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும் வீண். ரெய்டு கார்டின் பேட்டரி செத்துக் கிடக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மில்லில் மோட்டார் தொடங்கும்போதெல்லாம் வோல்டேஜ் விழும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இதை இன்றைக்கே பார்க்கலாம்.

நகல், பேக்கப், ரெப்ளிகா

எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தை எப்படித்தான் நகல் எடுப்பது? டேட்டாபேஸிடம் சொல்லி எடுக்க வேண்டும். ஒரு வழி டம்ப்: ஒரு குறிப்பிட்ட நொடியில் இருந்த கணக்கை, அந்த நொடியில் இருந்தபடியே, கட்டளைகளாக வெளியே எழுதித் தரச் சொல்வது. மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் சிங்கிள் டிரான்சாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். சின்ன கடைகளுக்கு இது போதும். டேட்டாபேஸ் பெரிதாகிவிட்டால் டம்ப்பைத் திரும்ப ஏற்றவே பல மணி நேரம் ஆகும். அப்போது இன்னொரு வழி, ஃபைல்களையே எடுப்பது. ஆனால் 'நகல் எடுக்கப் போகிறேன்' என்று டேட்டாபேஸுக்கு அறிவித்து, அந்த நேரத்துக் குறிப்பேட்டையும் சேர்த்து எடுக்கும் கருவியால். போஸ்ட்கிரஸில் பிஜி_பேஸ்பேக்கப் அப்படிப்பட்டது.

இதோடு குறிப்பேட்டைத் தொடர்ந்து வெளியே சேர்த்துவைத்தால் ஒரு பெரிய வசதி கிடைக்கும். மதியம் 3.17க்கு யாரோ நிபந்தனை இல்லாமல் டெலிட் அடித்துவிட்டார் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு நகலை வைத்து, அதன்மேல் குறிப்பேட்டை வரி வரியாக ஏற்றி, 3.16இல் நிறுத்திவிடலாம். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) கட்டிய நாளிலிருந்து குறிப்பைப் பார்த்துப் பேரேட்டை மறுபடி எழுதுவதுதான் இது, ஆச்சியிடம் சொன்னால் இதில் என்ன அதிசயம் என்பார்.

ரெப்ளிகா இருக்கிறது, பேக்கப் எதற்கு என்பார்கள். ரெப்ளிகா என்பது குறிப்பேட்டை உடனுக்குடன் வாங்கித் தன் பேரேட்டில் ஏற்றிக்கொள்ளும் இன்னொரு சர்வர். முதல் சர்வர் எரிந்துபோனால் அது காப்பாற்றும். டெலிட் அடித்தால் அதையும் விசுவாசமாக ஏற்றிக்கொள்ளும். விஎம் ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் சர்வரின் டிஸ்கை அப்படியே பிடித்துவைக்கும் படம்) பற்றியும் கேட்பார்கள். எல்லா டிஸ்கையும் ஒரே நொடியில் பிடித்தால், அது கரண்ட் போன நொடிக்குச் சமம், டேட்டாபேஸ் குறிப்பேட்டைப் பார்த்து எழும்பிவிடும். டேட்டா ஒரு டிஸ்கிலும் குறிப்பேடு வேறு டிஸ்கிலும் இருந்து, இரண்டையும் வெவ்வேறு நொடியில் பிடித்தால், என் ஜவுளிக்கடைக் கதைதான்.

பெரிய இடங்களும் இதில் விழுந்திருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகாவின் ஃபோல்டரைக் காலி செய்வதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்தும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி டம்ப் இருக்க வேண்டிய இடத்தைப் போய்ப் பார்த்தால் காலி. டம்ப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது. எனக்காவது 'முடிந்தது' என்று மெயில் வந்தது.

அந்த மெயிலை நான் இப்போது நம்புவதில்லை. ஜவுளிக்கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பேக்கப்பை முழுவதுமாகத் திரும்ப ஏற்றிப் பார்க்கிறோம். முதல் தடவை செய்தபோது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கடைக்கார அண்ணனிடம் சொல்லியிருந்தேன். மூன்று மணி நாற்பது நிமிடம் ஆனது. அவர் அந்த நேரத்தைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டார்.

ஏறி முடிந்ததும், "நேத்து ராத்திரி கடைசி பில் நம்பர் என்னண்ணே?" என்று கேட்டேன்.

அவர் கார்பன் புத்தகத்தைப் புரட்டி நம்பரைச் சொன்னார். திரையிலும் அதே நம்பர். தொகையும் ஒத்துப்போனது. அவர் மட்டும் பில்லை விடாமல் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்ணே, தப்பா இருக்கா?"

"இல்லடா. இது எங்க பெரியம்மா எடுத்த கண்டாங்கி. இன்னும் காசு தரல."